இல்லாத லிப்டுக்கு ஒரு வருடம் கட்டணம் கட்டினோம்

எங்கள் குடியிருப்பில் லிப்ட் கிடையாது. லிப்டுக்காகத் தோண்டிய குழி மட்டும் உண்டு. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே இரண்டு மாடி, மாடிக்கு நான்காக மொத்தம் எட்டு வீடுகள். தாம்பரம் பக்கம் இருபது வருடங்களுக்கு முன் எழும்பிய கட்டடம். கட்டியவர் விளம்பரத் தாளில் லிப்ட் என்று போட்டார், குழியும் தோண்டினார், பிறகு கைமுடை என்று சொல்லி விட்டுவிட்டார். குழிக்கு மேல் பலகை போட்டு மூடி, துடைப்பத்தையும் பழைய பெயிண்ட் டப்பாக்களையும் அதன் மேல் வைத்திருக்கிறோம். அந்தக் குழி எங்கள் பணத்தை எப்படித் தின்றது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் கதை குழியில் தொடங்கவில்லை, ஒரு செய்தித்தாள் துணுக்கில் தொடங்குகிறது.

2022 ஜூலை 18 அன்று மின்கட்டணத்தை உயர்த்தக் கோரும் மனு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் போனது. 2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு வருடமாகக் கட்டணம் ஏறாமல் இருந்ததால் எல்லாப் பத்திரிகைகளிலும் அதுவே பேச்சு. நான் அப்போது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அஞ்சலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள் என்பதால், “நீங்கள்தான் கணக்கில் புலி” என்று சொல்லி அந்தப் பதவியைத் தலையில் கட்டியிருந்தார்கள். புலி என்ன செய்தது தெரியுமா? பத்திரிகையில் வந்த அட்டவணையைக் கத்தரித்தது. வீட்டு இணைப்புக்கான வரிகளை மட்டும் பார்த்தது. நூறு யூனிட் இலவசம் தொடரும் என்று இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டைத் தாண்டாது. பென்சிலால் ஒரு சரி போட்டுவிட்டு, துணுக்கைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தேன்.

பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஆகஸ்டில் மூன்று ஊர்களில் கூட்டம் வைத்தார்கள். 16-ஆம் தேதி கோவை, 18-ஆம் தேதி மதுரை, 22-ஆம் தேதி சென்னை. சென்னையில் கலைவாணர் அரங்கம். அது ஒரு திங்கட்கிழமை. மாடி வீட்டு சார் ஒருவர், “போய்வரலாமா அம்மா?” என்று கேட்டார். “நாம் போய்ச் சொல்லியா நிறுத்தப்போகிறார்கள்?” என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நூற்பாலைக்காரர்கள் அப்படி இருக்கவில்லை. ஆணையத்தில் சட்ட உறுப்பினர் இடம் காலியாக இருக்கும்போது எப்படி உத்தரவு போடலாம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனார்கள். மின்சாரத்தில் பணம் போட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்று தெரிகிறது. மாடிப்படி விளக்குக்குப் பணம் கட்டுகிற நமக்குத் தெரிவதில்லை.

செப்டம்பர் 9-இல் உத்தரவு வந்தது, 10-ஆம் தேதி முதல் நடைமுறை. நவம்பரில் பொது மீட்டரின் பில்லைப் பார்த்ததும் கணக்கீட்டாளர் தவறாக அடித்துவிட்டார் என்று நினைத்தேன். ஜனவரியில்தான் முழு இரண்டு மாதத்துக்கான பில் புது விகிதத்தில் வந்தது. அதுவரை எங்கள் பொது மீட்டருக்கு, அதாவது தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள், வாசல் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் ஓடும். பழைய விகிதத்தில் 410 ரூபாய். புதிய பில் 3,880 ரூபாய்.

எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்பு பொது மீட்டரும் வீட்டு விகிதத்தில், 1-ஏ என்ற பட்டியலில் இருந்தது. நூறு யூனிட் இலவசம் அதற்கும் உண்டு. புது உத்தரவில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கு என்றே 1-டி என்று தனிப் பட்டியல் வந்துவிட்டது. யூனிட்டுக்கு 8 ரூபாய், இலவசம் கிடையாது. 260 யூனிட்டுக்கு 2,080. அதற்கு மேல் நிலைக்கட்டணம், அதாவது எத்தனை யூனிட் ஓடினாலும் மாறாத தொகை. இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவில் ஒரு கிலோவாட்டுக்கு அப்போது மாதம் 100 ரூபாய். வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பொது மீட்டருக்கு அது கிலோவாட் கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் பில்லில் அது மட்டும் 1,800 ரூபாய்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு இணைப்பு வாங்கி ஒவ்வொன்றிலும் நூறு யூனிட் இலவசத்தை அனுபவித்தவர்கள் இருந்தார்கள், எனக்கே சிலரைத் தெரியும். அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயதானவர்கள் இருட்டில் விழாமல் இருக்க எரிகிற படிக்கட்டு விளக்கு, எட்டு வீட்டுக்காரர்களும் குடிக்கிற தண்ணீரை ஏற்றுகிற மோட்டார், இவற்றுக்கு வீட்டைவிட அதிக விலை என்பது எனக்கு இன்றும் செரிக்கவில்லை. இதைத்தான் கலைவாணர் அரங்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் நான் பட்ட பாடு தனி. வீட்டுக்கு மாதம் 1,200 ரூபாய் பராமரிப்பு வாங்குகிறோம். “மோட்டாரை அணைக்காமல் விட்டுவிடுகிறீர்களா?” என்றார் ஒருவர். “யாராவது பொது வயரில் கொக்கி போடுகிறார்களோ?” என்று இன்னொருவர் என் வீட்டுப் பக்கம் பார்த்தே கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது கதவில் அந்தத் துணுக்கு. நான் கத்தரித்த இடத்துக்குக் கீழே அட்டவணையின் அடுத்த வரி பாதி எழுத்தாக, கத்தரியின் விளிம்பில் நின்றது. “குடியிருப்பு பொது...” அவ்வளவுதான் தெரிந்தது. மிச்சம் குப்பைக்குப் போய்விட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். இப்படி ஒரு முன்மொழிவு வெளியாகும்போது உங்கள் வீட்டு பில்லை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் பணம் எந்தெந்த மீட்டருக்குப் போகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: வீடு, பொது மீட்டர், கடை இருந்தால் கடை, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு. ஒவ்வொன்றின் அட்டையிலும் எந்த வீதப்பட்டி, அதாவது எந்தக் கட்டணப் பட்டியல் என்று போட்டிருக்கும், எத்தனை கிலோவாட் மின்பளு என்றும் இருக்கும். பிறகு முன்மொழிவில் தற்போதைய விகிதம், கோரும் விகிதம் என்ற இரண்டு பத்தியையும் பாருங்கள். அதைவிட முக்கியம், இதுவரை இல்லாத புதுப் பட்டியல் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்வு கண்ணுக்குத் தெரியும். நம் இணைப்பை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் போடுவது தெரியாது.

அதற்குப் பிறகு நான் செய்தவை அத்தனையும் தவறு. முதலில் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் மரியாதையாகவே பேசினார். “அம்மா, விகிதத்தை நான் மாற்ற முடியாது, நான் வாங்குகிற சம்பளத்தை நானே நிர்ணயிப்பது போல ஆகிவிடும்” என்றார். பிறகு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு நான்கு பக்கத்தில் உருக்கமாக ஒரு மனு எழுதினேன். பில்லில் கணக்குத் தவறு, மீட்டர் பழுது, இணைப்புத் தாமதம் போன்றவற்றுக்குத்தான் அந்த மன்றம். ஆணையம் போட்ட விகிதத்தையே அது திருத்த முடியாது என்று எனக்குத் தெரிந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது. விகிதத்தை எதிர்க்க வேண்டுமென்றால் மின்சாரச் சட்டம் 111-ஆவது பிரிவின்படி டெல்லியில் இருக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போக வேண்டும். எட்டு வீட்டுச் சங்கம் எங்கே, டெல்லி எங்கே? உத்தரவுக்கு முன்னால் ஒரு பக்கக் கடிதத்தில் கேட்டிருக்கக்கூடியதை உத்தரவுக்குப் பின்னால் கேட்க வழக்கறிஞர் வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் அந்த மின்பணியாளர் வந்தார். யார் என்று சொல்லப்போவதில்லை, பக்கத்துத் தெருவில் எல்லாருக்கும் வேலை செய்கிறவர். “பொது மீட்டரில் எதற்கு மோட்டாரை ஓட்டுகிறீர்கள்? முதல் மாடி மாமா வீட்டு லைனில் போட்டுவிடலாம், வீட்டு விகிதம், நூறு யூனிட் இலவசம்” என்றார். கேட்கும்போது தேனாக இருந்தது. மாமாவும் ஒப்புக்கொண்டார், அதிகமாகும் தொகையைச் சங்கம் கொடுத்துவிடும் என்று பேச்சு. வயர், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். பிப்ரவரி கடைசியில் வேலை முடிந்தது.

அடுத்த பில்களைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மாமா வீட்டில் வழக்கமாக 380 யூனிட், கட்டணம் 1,035 ரூபாய். மோட்டார் சேர்ந்ததும் 600 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே இருக்கும் கட்டணப் படிகளின் சலுகையும் போய்விடும். 101 முதல் 200 வரை அப்போது இருந்த 2 ரூபாய் 25 காசு, 4 ரூபாய் 50 காசாகிவிட்டது. ஆக 2,750 ரூபாய். கூடுதல் 1,715. பொது மீட்டரில் விளக்குகள் மட்டும் 40 யூனிட், 320 ரூபாய். ஆனால் நிலைக்கட்டணம் 1,800 அப்படியே. கூட்டிப் பார்த்தால் 3,835. முன்பு கட்டியது 3,880. நாலாயிரத்து ஐந்நூறு செலவழித்து இரண்டு மாதத்துக்கு 45 ரூபாய் மிச்சம் பிடித்திருந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாடி வீட்டு சாரின் மகன் சட்டம் படித்தவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவைக் காட்டினான். ஒரு காரியத்துக்கு, ஓர் இடத்துக்கு என்று அனுமதி பெற்ற மின்சாரத்தை வேறு காரியத்துக்கோ வேறு இடத்துக்கோ பயன்படுத்தினால் அது அங்கீகாரமில்லாத பயன்பாடு. பிடிபட்டால் உரிய விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்குப் போடலாம். மீட்டர் மாமாவின் பெயரில் இருக்கிறது, தொகையும் அவர் பெயரில்தான் வரும். எழுபத்தாறு வயது மனிதரை நான் இதில் மாட்டிவிட இருந்தேன். மறுநாள் காலையிலேயே வேறு ஆளை வைத்து மோட்டாரைப் பொது மீட்டருக்கே மாற்றினோம், இன்னொரு 1,500 ரூபாய். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் ஒரு வாரம் அவர் எதிரில் வராமல் படியேறினேன். யாராவது உங்களிடம் “லைனை மாற்றிவிட்டால் போதும்” என்று வந்தால், வயரில் கைவைப்பதற்கு முன்னால் பில்லில் எந்தத் தொகை உண்மையில் பெரிது என்று பிரித்துப் பாருங்கள்.

அப்படிப் பிரித்தபோதுதான் அந்த 1,800 என் கண்ணில் குத்தியது. மாதம் 900 என்றால் 9 கிலோவாட். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டாரும் ஒரு டஜன் எல்இடி விளக்கும் சேர்ந்து இரண்டு கிலோவாட்டைக்கூடத் தொடாதே? அட்டையை எடுத்துப் பார்த்தால் மின்பளு 9 என்று தெளிவாக இருக்கிறது. வீட்டின் பழைய காகிதங்களைத் துழாவியதில் விடை கிடைத்தது. கட்டியவர் இணைப்புக்கு விண்ணப்பித்தபோது லிப்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். வீட்டு விகிதத்தில் இருந்தவரை நிலைக்கட்டணம் கிலோவாட் பார்த்து வரவில்லை, அதனால் அந்த 9 யார் கண்ணையும் உறுத்தவில்லை. பட்டியல் மாறிய நாளிலிருந்து துடைப்பம் வைத்திருக்கும் குழிக்கு நாங்கள் மாதாமாதம் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தோம்.

மின்பளுவைக் குறைக்க விண்ணப்பிக்கலாம் என்றார்கள். போனால், இணைப்பு இன்னும் கட்டியவரின் பெயரிலேயே இருந்தது. இருபது வருடமாக யாரும் மாற்றவில்லை. முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் மின்பளு. எங்கள் சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்ததால் தப்பித்தோம். பதிவுச் சான்றிதழ், தீர்மானம், கட்டடத்தின் ஆவணம் எல்லாம் கொடுத்து, ஆள் வந்து பார்த்து, 3 கிலோவாட் ஆனபோது 2023 செப்டம்பர். அதற்குள் தேவையில்லாத 6 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 7,200 ரூபாய் போய்விட்டது. வயர் வேலைக்குப் போன 6,000-ஐயும் சேர்த்தால் 13,000 ரூபாய்க்கு மேல். ஒரு வீட்டின் பதினொரு மாதப் பராமரிப்புக் காசு. உங்கள் பொது மீட்டரின் அட்டையில் யார் பெயர் இருக்கிறது, எத்தனை கிலோவாட் என்று இன்றைக்கே பாருங்கள். இதற்கு எந்த முன்மொழிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

2023 அக்டோபரில் ஒரு நல்ல செய்தி வந்தது. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பொது மீட்டர் கட்டணம் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசு என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒரு வருடமாகப் பல குடியிருப்புகளிலிருந்து எழுந்த புலம்பல்தான் அதைக் கொண்டுவந்தது. “லிப்ட் இல்லாமல்” என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு மாதம் முந்தியிருந்தால் எங்கள் பழைய காகிதத்தில் லிப்ட் இருந்திருக்கும். தானாக மாறும் என்று உட்கார்ந்திராமல், எட்டு வீட்டின் இணைப்பு எண்களையும், கட்டடத்தை நான்கு பக்கமும் எடுத்த படங்களையும், குழியின் படத்தையும் சேர்த்து ஒரு கடிதம் கொடுத்தேன். குழியைப் படமெடுக்கத் துடைப்பத்தை எடுத்து ஓரமாக வைத்தேன், சாட்சி சுத்தமாக இருக்கட்டும் என்று.

சலுகை வந்ததே, பிறகு கூட்டத்துக்குப் போயிருந்தால் என்ன, போகாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். பதில் இதுதான். அரசு மனமிரங்கிக் கொடுத்தது அந்த அளவோடு சரி. பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு வீடுகளும் ஒரு சின்ன லிப்டும் உள்ள குடியிருப்பு, 8 ரூபாயில் தொடங்கிய அந்த முழு விகிதத்திலேயே இருக்கிறது. இன்னொன்று, 2022 உத்தரவு ஒரு வருடத்துக்கானது அன்று. 2026-27 வரை, ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஏறிக்கொள்ள அதிலேயே வழி செய்யப்பட்டிருந்தது. 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம் என்று ஏறியபோது கலைவாணர் அரங்கத்தில் கூட்டம் எதுவும் இல்லை. 8 ரூபாய் 8.15 ஆகி, பிறகு 8.55 ஆனது. நான் போகாமல் விட்டது ஒரு திங்கட்கிழமையை அல்ல, ஐந்து வருடத்தை.

அடுத்த மனு வரும்போது என்ன செய்வது என்று இப்போது தெரியும். மின்சாரச் சட்டம் 64-ஆவது பிரிவின்படி மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகுதான் ஆணையம் உத்தரவு போட முடியும், அதற்கு 120 நாள் கெடு. முழு மனு நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், பயந்துவிட வேண்டாம். நமக்குத் தேவை நம் பட்டியல் இருக்கும் இரண்டு மூன்று பக்கங்கள்தான். ஆட்சேபத்தைத் தமிழிலேயே எழுதலாம், தபாலில் போடலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். என் முதல் வரைவில் “ஏழைகளின் வயிற்றில் அடிக்காதீர்கள்” என்றெல்லாம் எழுதியிருந்தேன். மாடி வீட்டு சார் அதை அடித்துவிட்டு, “260 யூனிட், 410 ரூபாய், 3,880 ரூபாய், இதை மட்டும் எழுதுங்கள் அம்மா” என்றார். சரிதான். இணைப்பு எண், எத்தனை வீடு, எதற்குப் பயன்படுகிறது, இப்போது எவ்வளவு, முன்மொழிவின்படி எவ்வளவு, நாம் கேட்பது என்ன. ஒரு பக்கம் போதும். உத்தரவில் யார் என்ன ஆட்சேபித்தார்கள் என்று பதிவாகும், எண்ணோடு வந்த ஆட்சேபத்துக்கு எண்ணோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லி, கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது வந்தாலும் இரண்டு பேர் போய்வர ஆட்டோ செலவுக்கு 800 ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மின்சார ரயிலில் போனால் ஆகாதா என்று கேட்டார். ஆகும் என்றேன். 40 ரூபாய்க்குத் தீர்மானம் நிறைவேறியது.